அடிக்கிற கை, அணைக்கிற கதை

தமிழில் லட்சக்கணக்கானோர் விரும்பிப் படித்த காதல் கதைகள் பலவற்றில், காதலின் ஆழத்தை அளக்க ஒரே அளவுகோல்தான் உண்டு: யார் எவ்வளவு துன்பத்தைத் தாங்கிக்கொண்டார்கள் என்பது. கணவன் கைநீட்டினாலும் வீட்டைவிட்டுப் போகாதவள், பதிலே கிடைக்காவிட்டாலும் வருடக்கணக்கில் பின்னால் வருகிறவன், காதலனைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு செத்துப்போகிறவள். வாசகரின் கண்ணீர் இவர்களுக்குத்தான். அன்பு இருக்கும் இடத்தில் வலியும் இருக்கும். அதை எழுதாத இலக்கியம் கிடையாது. ஆனால் வலி கொடுத்தவனுக்கே கதை கடைசியில் மாலை போடும்போது, கொடுமையும் காதலும் ஒரே முகமாகத் தெரியத் தொடங்குகின்றன. வெகுசன நாவல் இந்த எல்லையை எப்போதெல்லாம் தாண்டியது, எப்போதெல்லாம் தயங்கி நின்றது, எப்போது திரும்பி வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது.

அதைப் பார்க்கப் புதுக்கோட்டை மாவட்டத்தின் அன்னவாசல் வட்டாரம் பொருத்தமான இடம். அன்னவாசலுக்கு மேற்கே, இலுப்பூர் தாண்டி, விராலிமலை பக்கம் இருக்கிறது கொடும்பாளூர். தமிழர்கள் அதிகம் படித்த சரித்திரத் தொடர்கதைகளில் இரண்டுக்கு முக்கியமான பாத்திரங்களைத் தந்த ஊர் அது. கிழக்கே புதுக்கோட்டையைக் கடந்து தஞ்சாவூர்ச் சாலையில் போனால் பெருங்களூர் வரும். 1922ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி அகிலன் அங்கேதான் பிறந்தார். வன்முறையில் தொடங்கிய ஒரு திருமணத்தை நாவலாக்கி, தமிழுக்கு முதல் ஞானபீட விருதை வாங்கித் தந்தவர் அவர்.

நல்ல காதல் எது, பொருந்தாத காதல் எது என்பதில் பழந்தமிழ் இலக்கணத்துக்குக் குழப்பம் இருக்கவில்லை. தொல்காப்பியம் அகத்திணையை ஏழாக வகுத்தது. நடுவில் உள்ள ஐந்தும்தான் அன்பின் ஐந்திணை. ஒருதலைக் காதலான கைக்கிளை ஒரு பக்கமும் பொருந்தாக் காமமான பெருந்திணை மறுபக்கமும் தள்ளி வைக்கப்பட்டன. காதலை அறியும் பருவம் வராத பெண்ணிடம் ஒருவன் பதிலே பெறாமல் தானாகப் பேசித் தானாக மகிழ்வது கைக்கிளை. பெருந்திணைக்கு நான்கு அடையாளங்கள்: மடல் ஏறியே விடுவது, இளமை கடந்தபின் வரும் வேட்கை, தெளிவெல்லாம் போகும் அளவுக்கு மிஞ்சிய காமம், அந்த மிகுதியில் வலிந்து நடந்துகொள்வது. இன்றைய நாவலிலும் சினிமாவிலும் இந்த நான்குக்கும் தாராளமாக உதாரணம் காட்டலாம்.

இதில் மடல் கவனிக்கத் தக்கது. காதலி கிடைக்காதவன் பனங்கருக்கில் குதிரை செய்து, எருக்கம்பூவும் எலும்பும் மாலையாக அணிந்து, அவள் தெருவழியே ஊர் பார்க்க வருவதுதான் மடலேற்றம். ஊரார் பழிக்கு அஞ்சிப் பெண்ணின் வீட்டார் இணங்கிவிடுவார்கள் என்பது கணக்கு. மடல் ஏறுவேன் என்று வாயால் சொல்வதைத் தொல்காப்பியம் ஐந்திணைக்குள் அனுமதிக்கிறது. உண்மையில் ஏறிவிட்டால் அது பெருந்திணை. ஏக்கத்தைச் சொல்வதற்கும், தன்னை வருத்திக்கொண்டு அடுத்தவரை நெருக்குவதற்கும் நடுவில் இவ்வளவு துல்லியமாகக் கோடு போட்ட இலக்கண மரபு இது. நீ சம்மதிக்காவிட்டால் செத்துப்போவேன் என்று கையைக் கீறிக்கொள்ளும் இன்றைய கதாநாயகன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதைச் சொல்ல அந்தக் கோடே போதும்.

கோட்டை மங்கவைத்தது வேறொரு மரபு. தொழுநோய் கண்ட கணவனைக் கூடையில் வைத்து, அவன் ஆசைப்பட்ட இடத்துக்கெல்லாம் சுமந்துபோன நளாயினியின் கதையைக் கதாகாலட்சேபங்களும் கூத்து மேடைகளும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லின. கல்லானாலும் கணவன் என்ற பழமொழியும், அடிக்கிற கைதான் அணைக்கும் என்ற சமாதானமும் வீட்டுக்கு வீடு கேட்டன. இருபதாம் நூற்றாண்டில் வார இதழ்களுக்குத் தொடர்கதை எழுத உட்கார்ந்தவர்களுக்குத் தொல்காப்பியத்தைவிட நளாயினியே பழக்கமானவளாக இருந்தாள். வாசகர்களுக்கும் அப்படியே.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வந்தது. கொடும்பாளூர் இளவரசி வானதி அதில் பக்தியின் உருவம். சோழ இளவரசன் அருண்மொழியை நினைத்து மயங்கி விழுகிறவள். தான் அரியணை ஏறமாட்டேன் என்று சபதம் செய்கிறவள். அவளுடைய அன்புக்குக் கல்கி நல்ல முடிவைக் கொடுத்தார். கடம்பூர் மணிமேகலைக்குக் கொடுக்கவில்லை. தன்னைக் காதலிக்காத கதாநாயகன் வந்தியத்தேவனுக்காகக் கொலைப்பழியை ஏற்க முன்வந்து, சித்தம் கலங்கி, அவன் மடியில் உயிர்விடுகிறாள். கடைசி அத்தியாயத்தின் கண்ணீர் முழுவதும் அவளுக்கே. ஒருதலைக் காதலின் உச்சம் மரணம்தான் என்று பல தலைமுறை வாசகர்களுக்குக் கற்றுக்கொடுத்த அத்தியாயம் அது.

அதே நாவலில் கல்கி வேறு மூன்று ஆண்களை வைத்து எதிர்த்திசையிலும் எழுதினார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனுக்கும் நந்தினிக்கும் இடையே இருப்பது பழிவாங்கலில் ஊறிய காதல். அது இருவரையும் அழிப்பதோடு ஒரு பேரரசையே ஆட்டிவைக்கிறது. முதுமையில் நந்தினியை மணந்து அவள் சொல்லுக்கெல்லாம் ஆடும் பெரிய பழுவேட்டரையர், பெருந்திணைக்கு இலக்கணம் சொல்லும் இளமை தீர்ந்த வேட்கைக்கு அச்சு அசலான உதாரணம். கல்கி இவர்களுடைய மோகத்தை அழகாக எழுதினார். ஆனால் அதைக் காதல் என்று வாசகரிடம் விற்கவில்லை. மூன்றாவது ஆள் சேந்தன் அமுதன். பூங்குழலியை ஒருதலையாக நேசிக்கிறான். பாடுகிறான், காத்திருக்கிறான், அவள் மனம் வேறிடத்தில் இருப்பது தெரிந்தும் வற்புறுத்தாமல் இருக்கிறான். கடைசியில் அவளாகவே அவனிடம் வருகிறாள். பிறகு வந்த எழுத்தாளர்களில் மணிமேகலையைப் பின்பற்றியவர்கள் ஏராளம். சேந்தன் அமுதனைப் பின்பற்றியவர்கள் மிகச் சிலர்.

அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' கதாநாயகன் இளங்கோவும் கொடும்பாளூர்க்காரன்தான். 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலிலும் ஒருவனை இரண்டு பெண்கள் நேசிக்கிறார்கள். ஆனால் இந்தக் கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானவை அகிலனின் சமூக நாவல்களே. அவர் ரயில்வே அஞ்சல் பிரிப்பு வேலையிலும் பிறகு வானொலியிலும் இருந்தவர். நடுத்தரக் குடும்பங்களின் கல்யாணக் கவலைகளை அருகிலிருந்து அறிந்தவர். 'கல்கி'யில் தொடராக வந்து 1960இல் சிவாஜி கணேசன் நடித்துப் படமான 'பாவை விளக்கு' நாவலில், தணிகாசலம் என்ற எழுத்தாளனை நான்கு பெண்கள் காதலிக்கிறார்கள். அவர்களில் உமா அவன் எழுத்தைப் படித்து மனத்தைப் பறிகொடுத்தவள். அவனுக்குக் கௌரி என்ற மனைவி இருக்கிறாள். நாவல் முழுக்கத் தயங்குகிறவன் அவன். தயக்கத்தின் விலையைக் கொடுப்பவர்கள் பெண்கள். இருந்தும் வாசகர்கள் அவன்மேல் கோபப்படவில்லை. அவனுடைய மென்மையான மனமும் குற்ற உணர்ச்சியும் பக்கம் பக்கமாக விவரிக்கப்படும்போது, அவன் யாரையும் நேராக அடிக்கவில்லை என்பதே நற்சான்றாகிவிடுகிறது. தீங்கு செய்கிறவனின் மனசாட்சியை வாசகருக்கு அருகில் கொண்டுவந்து, தீங்கைப் பெற்றவளின் வாழ்க்கையைத் தூரத்தில் வைக்கும் இந்த உத்தி காதல் நாவல்களில் மிகப் பழையது. இன்றும் நன்றாக வேலை செய்கிறது.

'சித்திரப்பாவை' அப்படிப்பட்டதல்ல. ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1975க்கான ஞானபீட விருதைப் பெற்ற நாவல் அது. அண்ணாமலை ஓவியன். ஆனந்தி அவனை நேசிக்கிறாள், அவனும் அவளை நேசிக்கிறான். இடையில் மாணிக்கம் என்பவன் அவள் சம்மதமில்லாமல் அவளைத் தொட்டு முத்தமிட்டுவிடுகிறான். அந்த ஒரு நொடி முழு நாவலையும் திருப்பிவிடுகிறது. வேறொருவன் தீண்டிவிட்ட தான் இனி அண்ணாமலைக்கு உரியவள் அல்ல என்று ஆனந்தியே முடிவுசெய்து மாணிக்கத்துக்குக் கழுத்தை நீட்டுகிறாள்.

இன்று இதைப் படிக்கும் இளம்பெண்ணுக்கு ஆத்திரம் வரும், வர வேண்டியதுதான். ஆனால் அகிலன் எழுதிய காலத்தில் ஆனந்தியின் முடிவு பல வாசகர்களுக்கு இயல்பாகவே தோன்றியது. தீண்டியவனே உரியவன் என்ற நம்பிக்கை ஊர்ப் பஞ்சாயத்துகளில் வழக்கமாகவே இருந்தது. பலாத்காரம் செய்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைத்து விஷயத்தை முடிப்பதை நியாயம் என்று நினைத்தவர்கள் உண்டு. இன்றும் அங்கங்கே உண்டு. அகிலன் அந்த நம்பிக்கையைக் கதைக்குள் அப்படியே அனுமதித்தார். அதன் பிறகு, அந்தக் கல்யாணத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுமையாக எழுதிக்கொண்டே போனார். மாணிக்கத்துக்குப் பணமும் சுகமுமே பெரிது. கலையை நேசித்த பெண் அவன் வீட்டில் ஒரு சொத்தாக இருக்கிறாள். அவள் பொறுத்துப் பார்க்கிறாள், திருத்தப் பார்க்கிறாள். மற்ற தொடர்கதைகள் சுபம் போடும் இடத்தில், அதாவது அவன் திருந்திக் கண்ணீர் விட வேண்டிய இடத்தில், மாணிக்கம் திருந்துவதில்லை. ஆனந்தி தாலியைத் துறந்துவிட்டு அண்ணாமலையிடம் வருகிறாள்.

அந்தக் காலத்துக் குடும்ப இதழ் வாசகருக்கு அது சின்ன அதிர்ச்சி அல்ல. தாலியைக் கழற்றும் பெண்ணை வில்லியாக அல்லாமல் கதாநாயகியாகவே கடைசிவரை வைத்திருந்தது வெகுசன நாவலில் துணிச்சலான காரியம். நாவலின் கலைத்தரம் பற்றிய சண்டை தனி. ஞானபீடம் கிடைத்தபோது சுந்தர ராமசாமி அகிலனின் எழுத்தை மிகக் கடுமையாக விமர்சித்தார். சிறுபத்திரிகை உலகம் அவர் பக்கம் நின்றது. மிகை உணர்ச்சி, தட்டையான நல்லவன்–கெட்டவன் பிரிவு என்ற குற்றச்சாட்டுகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் விமர்சகர்கள் அதிகம் தொடாத ஒன்று உண்டு. அந்த நாவலைப் படித்தவர்களில் பெரும்பாலோர் இலக்கிய விமர்சனம் படிக்கிறவர்கள் இல்லை. மாமியார் தூங்கிய மதிய நேரத்தில் விகடனைப் புரட்டியவர்கள். சகித்துக்கொள்வதற்கு ஒரு முடிவு உண்டு என்ற செய்தி அவர்களுக்கு வேறு எந்த வழியிலும் வந்திருக்காது.

தீண்டியவன்தான் உரியவன் என்ற இதே முடிச்சைத் தமிழில் இன்னும் இரண்டு பேர் புகழ்பெற்ற கதைகளில் அவிழ்க்க முயன்றார்கள். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழைநாளில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட கல்லூரிப் பெண்ணின் தலையில் அவள் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான் கதை, ஆனால் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தாய் அப்படிச் சொல்லாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து ஜெயகாந்தன் எழுதியதே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதில் அந்தப் பெண்ணான கங்கா படித்து நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். சொந்தச் சம்பாத்தியம் இருக்கிறது. படிக்க உதவிய மாமாவே அவளைச் சீண்டுகிறார். முடிந்தால் உன்னைக் கெடுத்தவனைத் தேடிப்பிடி என்ற சொல் அவள் மனத்தில் முள்ளாகத் தைக்கிறது. தேடிப்பிடிக்கிறாள். பிரபு என்ற அவனோ பலவீனமான, குடிப்பழக்கமுள்ள குடும்பஸ்தன். அவன்மேலேயே அவளுக்கு ஒட்டுதல் வந்துவிடுகிறது. தன்னை அழித்தவனிடம் போய்த் தன் வாழ்க்கைக்கு அர்த்தம் கேட்கும் மனத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய தமிழ் நாவல் வேறில்லை. ஜெயகாந்தன் அதைக் காதல் என்று கொண்டாடவும் இல்லை, அவளைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. இந்த நாவல் பீம்சிங் இயக்கத்தில் படமானபோது கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார்.

அனுராதா ரமணனின் 'சிறை' இன்னும் சிக்கலானது. ஆனந்த விகடன் தங்கப் பதக்கம் பெற்ற அந்தச் சிறுகதை 1984இல் படமாக வந்தது. பாகீரதியை அந்தோணி கெடுத்துவிடுகிறான். அவள் கணவன் அவளைக் கைவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறான். போக்கிடம் இல்லாத பாகீரதி அந்தோணியின் வீட்டிலேயே வந்து இருக்கிறாள். அவன் அவளைத் தொடாமல், மரியாதையோடு காப்பாற்றுகிறான். அவன் இறந்தபின் கணவன் திரும்பி வந்து அழைக்கும்போது, அவள் அவன் கட்டிய தாலியைக் கழற்றிவிட்டு அந்தோணியின் விதவையாக வாழ்வதைத் தேர்ந்தெடுக்கிறாள். கணவன் என்ற பட்டத்துக்கு மட்டும் மரியாதை கிடையாது என்று அடித்துச் சொன்ன கதை இது. அதே சமயம், கெடுத்தவனின் மனமாற்றத்தை அவனுடைய குற்றத்துக்கு ஈடாக வைத்த கதையும் இதுதான். இரண்டும் உண்மை. படித்துவிட்டுக் கலங்கியவர்கள் இந்த இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அடுத்து வந்த காதல் நாவல்கள் கவனித்து, அதையே வாய்ப்பாடாக எடுத்துக்கொண்டன.

1969இல் ராணிமுத்து வந்தபோது முழு நாவலை மாதம் ஒன்றாக, மலிவு விலைக்குத் தரும் வழக்கம் வேரூன்றியது. அகிலனின் 'பொன்மலர்' அதில் தொடக்கத்திலேயே வந்தது. மாலைமதியும் வேறு பல மாத நாவல்களும் தொடர்ந்தன. புத்தகக் கடை இல்லாத சிறு ஊர்களுக்கு இவை பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கியபடி வந்து சேர்ந்தன. வாடகை நூல்நிலையங்களில் அட்டை கிழிந்து, பசை ஒட்டி, பக்க ஓரங்களில் முந்தைய வாசகரின் பேனாக் குறிப்போடு கைமாறின. வாரத் தொடர்களின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்த பெண்களும் உண்டு. இந்த வாசிப்பு உலகத்தின் முடிசூடா ராணி ரமணிசந்திரன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவருடைய நாயகிகள் தன்மானம் உள்ளவர்கள்; வரம்பு மீறிய வர்ணனை அவரிடம் இருக்காது. நாயகன் வசதியானவன், கோபக்காரன், பெண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டவன். புரிந்துகொண்டதும் உருகிவிடுகிறவன்.

அந்த வார்ப்பு அவரோடு நிற்கவில்லை. கைபேசியில் படிக்கும் தொடர்கதைகள் பெருகிய பிறகு, 2014இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் அது முறுகி, ‘ஆன்டி ஹீரோ கதை’ என்ற பெயரில் தனி ரகமாகவே ஆகிவிட்டது. இந்த ரகத்தை ஒரு முறை படித்தவருக்கு அடுத்த கதையின் படிக்கட்டுகள் தெரியும். நாயகன் பெரிய தொழிலதிபர். பெண்ணின் குடும்பத்தில் கடன் அல்லது பழைய பகை. ஒப்பந்தக் கல்யாணம் அல்லது கட்டாயத் தாலி. அவன் அவள் மணிக்கட்டை முறுக்குகிறான், விரல் தடம் சிவக்கிறது. இரவு அவள் தூங்கியபின் அவனே மருந்து தடவுகிறான். அவள் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு இதைக் கவனிக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் அவனுடைய முன்கதை: அவனை விட்டுப்போன அம்மா, ஏமாற்றிய முதல் காதலி. அதன்பின் அவன் செய்ததெல்லாம் காயத்தின் வெளிப்பாடு ஆகிவிடுகிறது. கடைசியில் ஒரு விபத்தோ கருவோ வந்து இருவரையும் சேர்த்துவைக்கிறது.

இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது மருந்து தடவும் இடம். அடித்த கையே அணைக்கும் கையும் ஆகிறது. அணைப்பு எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் அடியையும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள். 1981இல் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் டொனால்ட் டட்டனும் சூசன் பெயின்டரும், துன்புறுத்தும் துணையைப் பெண்கள் ஏன் விட்டு வருவதில்லை என்று ஆராய்ந்து இரண்டு காரணங்களைச் சொன்னார்கள். ஒன்று, இருவருக்கும் இடையே அதிகாரம் பெரிய அளவில் ஏற்றத்தாழ்வாக இருப்பது. இன்னொன்று, கொடுமையும் கனிவும் ஒழுங்கில்லாமல் மாறி மாறி வருவது. எப்போதும் அடிக்கிறவனைவிட, எப்போதாவது அழுது மன்னிப்புக் கேட்கிறவனிடம் பிணைப்பு இறுக்கமாகிறது. ஆன்டி ஹீரோ கதையின் அத்தியாய அமைப்பு இந்த இரண்டையும் வரிக்கு வரி பின்பற்றுகிறது. எழுதுகிறவர்கள் உளவியல் படித்து எழுதவில்லை. வாசகரை அடுத்த அத்தியாயத்துக்கு இழுக்கும் அதே விசைதான் அந்தப் பெண்ணை வீட்டுக்குள் இருத்தியும் வைக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. ஆங்கிலத்தில் 1740இல் வந்த ரிச்சர்ட்சனின் 'பமேலா'வில், வேலைக்காரப் பெண்ணை அடைத்துவைத்துத் தொல்லை கொடுத்த எஜமானனே கடைசியில் அவளுக்குப் பரிசாகக் கணவனாக வருகிறான். 1972இல் வெளிவந்து பல லட்சம் பிரதிகள் விற்ற கேத்லீன் வுடிவிஸின் முதல் நாவலில், கதாநாயகன் கதாநாயகியைத் தவறான பெண் என்று நினைத்துப் பலாத்காரம் செய்வதில்தான் காதலே ஆரம்பம். அவற்றைப் படித்த பெண்களை அறிவில்லாதவர்கள் என்று ஒதுக்காமல் நேரில் கேட்டவர் ஜானிஸ் ராட்வே. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் காதல் நாவல் வாசகியரிடம் பேசி 1984இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. அந்தப் பெண்களுக்குப் புத்தகம் என்பது வீட்டுவேலைக்கு நடுவே தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நேரம். நாயகனின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் அன்பே இருந்தது என்று கதை பிற்பாடு விளக்கும்போது அவர்களுக்கு நிம்மதி கிடைத்தது. கொடுமை எல்லை மீறிய புத்தகங்களை அவர்களே வெறுத்து ஒதுக்கினார்கள். அந்த நிம்மதி எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் கேள்வி. வீட்டில் கடுகடுவென்று இருக்கும் ஆணின் மௌனத்துக்குள்ளும் அன்பு ஒளிந்திருக்கிறது என்று நம்ப முடிந்தால், அன்றைய நாளைத் தள்ளிவிடலாம்.

அன்னவாசலிலும் புதுக்கோட்டையிலும் மதிய நேரத்தில் இந்தக் கதைகளைத் திறக்கும் பெண்களுக்கும் காரணம் ஏறத்தாழ இதுவே. அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. முரட்டு நாயகனைக் கதையில் ரசிக்கிற பெண் அப்படியொருவனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள் என்பதும் இல்லை. கதையில் அவன் திருந்துவான் என்ற உத்தரவாதம் இருக்கிறது. வீட்டில் அது கிடையாது. பயப்பட வேண்டியது வேறொரு வாசகரைப் பற்றி. பதினைந்து, பதினாறு வயதில் காதல் என்றால் என்னவென்று இந்தக் கதைகளிலிருந்தே முதல்முதலாகத் தெரிந்துகொள்கிற பெண்ணுக்கும் பையனுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வேறெதுவும் இல்லை. சந்தேகப்படுவது அக்கறை, கைபேசியைப் பறித்துப் பார்ப்பது உரிமை, வேண்டாம் என்பது வெட்கம் என்று அவர்கள் படித்துக்கொண்டால், அதைத் திருத்த வீட்டில் யாரும் வாய்திறந்து பேசுவதில்லை.

சினிமா இதே பாடத்தை இன்னும் பெரிய திரையில் நடத்தியது. 'குணா'வில் தன்னைக் கடத்திக்கொண்டு போனவனையே நாயகி காதலிக்கத் தொடங்குகிறாள். 'சேது'வில் மிரட்டிக் கேட்ட காதல் பிறகு கனிந்துவிடுகிறது. கலையாக இந்தப் படங்களுக்கு இருக்கும் இடத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தெருவில் பின்தொடர்கிறவனுக்கு இவை கொடுத்த நம்பிக்கை மோசமானது. சட்டம் இதில் சினிமாவைவிட வேகமாக மாறியது. பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாடு 1998இலேயே தனிச்சட்டம் கொண்டுவந்தது. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டியபின்னும் அவளைத் தொடர்ந்து பின்தொடர்வது 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிக்குற்றமானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு அதற்கு முதல் முறை மூன்றாண்டு வரையிலும், மறுபடியும் செய்தால் ஐந்தாண்டு வரையிலும் சிறை விதிக்கிறது. கணவன் மனைவியோடு வலிந்து உறவுகொள்வது மட்டும் அதே சட்டத்தில் இன்னும் பாலியல் வன்கொடுமைக்கு விதிவிலக்காகவே இருக்கிறது. கட்டாயத் தாலிக் கதைகளுக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் இடைவெளி அது.

இந்தக் கதைகளில் பெண் ஏன் போகாமல் இருக்கிறாள் என்ற கேள்விக்குக் காதல் என்ற பதிலோடு இன்னொரு பதிலும் எப்போதும் மறைந்திருக்கிறது. போக இடமில்லை. பாகீரதி அந்தோணி வீட்டுக்குப் போனது அதனால்தான். மாத நாவலின் நாயகி தாய்வீட்டுக்குப் போனால், அம்மா காப்பி கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் அவளைப் பேருந்து ஏற்றிவிடுவாள். 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள் என்கிறது. நாட்டின் சராசரியைவிட இது அதிகம். மருந்து தடவும் அத்தியாயத்தைப் படிக்கிறவர்களில் பலருக்கு அந்த விரல் தடம் கற்பனை அல்ல.

போக்கிடம் என்ற அந்த இடத்தில்தான் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் கைவைக்கிறது. 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அடி உதை மட்டுமின்றி, வார்த்தையாலும் பணத்தாலும் பாலியல் ரீதியாகவும் செய்யும் கொடுமைகளையும் அது வன்முறை என்று கணக்கில் எடுக்கிறது. கணவனோடு வாழ்ந்த வீடு தன் பெயரில் இல்லாவிட்டாலும் அதில் தொடர்ந்து வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. தேவைப்பட்டால் அவனை வெளியேறச் சொல்லி நடுவர் நீதிமன்றம் உத்தரவிடலாம். புகாரை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்ப மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மனு வந்து சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க முயற்சி என்பது சட்டம் சொல்லும் கால அளவு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். புகார் கொடுப்பவர் கணவனைப் பிரிந்துதான் ஆகவேண்டும் என்று இந்தச் சட்டம் எங்கும் கேட்பதில்லை. இருக்கிற வீட்டிலேயே இருந்துகொண்டு, அடி மட்டும் நிற்க வேண்டும் என்று கேட்கவும் அதில் இடமிருக்கிறது.